பூசாமல் விட்ட சின்ன விரல்

1

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க ஒரு மணம். மேலே மகள் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருக்கிறாள். பஞ்சில் ஊற்றும் அந்தத் திரவத்தின் மணம் மூக்கின் உள்ளோரத்தைச் சுட்டுவிட்டு, நான் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மற்ற வீடுகளுக்கு அது ஒரு சனிக்கிழமையின் மணமாக இருக்கலாம். எனக்கு அது இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் மணம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிக்கக்கூடும். ஹவுன்ஸ்லோவில் விமானங்களின் வயிற்றுக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அங்கத்தைய தேர்தலில் என்ன வேலை? வாக்கு இல்லை. அடையாள அட்டை இல்லை. பழைய அட்டையை எந்தச் சோதனைச் சாவடியில் விட்டேன் என்பதுகூட நினைவில் இல்லை. ஆனாலும் தேர்தல் அறிவித்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நித்திரை குறையும், கைபேசி சூடாகவே கிடக்கும், தேநீர் ஆறிப்போகும். முற்றத்தில் நிற்கமுடியாமல் உள்ளே வந்து, உள்ளே இருக்கமுடியாமல் முற்றத்துக்குப் போவேன்.

கடந்த முறை அந்தக் காய்ச்சல் என் தங்கையின் உருவில் வீட்டுக்குள்ளேயே வந்து இருந்தது.

கௌரி யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து, ஐம்பத்தைந்தில் ஓய்வெடுத்தவள். கணவரை ஆட்டுக்கும் கோழிகளுக்கும் காவல் வைத்துவிட்டு, விசிட்டர் விசாவில் முதல் தடவையாக லண்டனுக்கு வந்திருந்தாள். காரணம் என் மகள் அபியின் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு விழா. நான் பிந்திக் கல்யாணம் செய்தவன், ஒரே பிள்ளை. பிள்ளை பெரிசாகி ஒன்றரை வருடம் கடந்துவிட்டது என்று கேட்டு ஆச்சரியப்படாதீர்கள். இங்கே நல்ல நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிப்பதில்லை, மண்டபம் தீர்மானிக்கிறது. மண்டபம் கிடைத்தது புரட்டாதியில் ஒரு ஞாயிறு. முன்பணம் கட்டி, படம் பிடிப்பவருக்குச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகுதான் அங்கே தேர்தல் திகதி வந்தது. அந்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை.

முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நான் சாமத்திய வீட்டை ஒரு காதிலும் தேர்தலை மறுகாதிலும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒரு பின்னேரம் சமையலறை மேசையில் அபி எல்லோருடைய நகத்துக்கும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கௌரியின் வலக்கை முடிந்தது. இடக்கையில் நாலு விரல் முடிந்தது. ஐந்தாவதை அவள் மடக்கிக்கொண்டாள்.

"இது வேண்டாம் பிள்ளை."

காயமா என்று அபி கேட்டாள்.

"இல்லை. அதுக்கு வேறை பூச்சு இருக்கு."

அபிக்கு விளங்கவில்லை. தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ரஞ்சிக்கு விளங்கிவிட்டது. தண்ணீரை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கூரைக்கு மேலால் இறங்கியது. ஹவுன்ஸ்லோவில் சண்டைக்கும் இடைவேளை உண்டு. விமானம் போய் முடியும்வரை வாயைத் திறந்தபடி காத்திருப்போம். போய் முடிந்ததும் கௌரிதான் முதலில் பேசினாள். புதன்கிழமை விமானம் ஏறினால் வெள்ளி காலை வீட்டில் நிற்கலாமாம். சனிக்கிழமை வாக்குப் போடலாமாம். ரிக்கற்றை மாற்றித் தர முடியுமா என்று, உப்பைக் கொஞ்சம் தரமுடியுமா என்பதுபோல என்னிடம் கேட்டாள்.

2

வாக்கில்லாத நாங்கள் எப்படி வாக்குப் போடுகிறோம் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் தொலைபேசிக்குத் தெரியும். தேர்தலுக்கு முதல்நாள் இரவு லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மணி அடிக்கும். சுகமோ, மழை பெய்ததோ, கால் நோ எப்படி. பிறகு குரல் கொஞ்சம் தடிக்கும். "அப்ப நாளைக்கு..." என்று தொடங்கும். அந்த நாளைக்குப் பின்னால் வருவது ஆலோசனை இல்லை. கூரை ஓட்டுக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் இங்கிருந்து போகிற காசில் ஏதோ ஒன்று அந்தக் குரலோடு சேர்ந்து போகிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. யாரும் அதை மறப்பதும் இல்லை.

நானும் போன் எடுத்துச் சொன்னேன், எல்லா முறையும். இரண்டாயிரத்து ஐந்தில், போராளிகள் புறக்கணிக்கச் சொன்ன முறை, "போகாதே" என்றேன். போரை நடத்தியவர்களே இருவராகப் பிரிந்து எதிரெதிரே நின்ற முறை, "பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவருக்குப் போடு" என்றேன். அதற்கடுத்த முறை, "விடிய எழும்பி முதல் ஆளாகப் போ". பிறகொரு முறை, "போட்டு ஒன்றும் ஆகாது, எண்டாலும் போடு". ஒவ்வொரு முறையும் நான் சரித்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதாக நம்பினேன்.

ஏனென்றால் எங்கள் மண்ணின் கணக்கு அப்படி. ஒருமுறை நாங்கள் வீட்டுக்குள் இருந்ததாலேயே கொழும்பில் கதிரை யாருக்கு என்பது முடிவாயிற்று என்றார்கள். இன்னொருமுறை நாங்கள் வரிசையில் நின்றதால், அசைக்கவே முடியாது என்றிருந்தவர் அசைந்தார். வேறொருமுறை தெற்கு ஒரு நிறம், வடக்கும் கிழக்கும் வேறு நிறம். நாட்டின் படம் இரண்டு துணியை அவசரத்தில் சேர்த்துத் தைத்ததுபோல் இருந்தது. அந்த முறை எங்கள் வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்க ஒருவரும் இல்லை. அதே மண், அதே சனம், அதே விரல்கள். ஒரு வருடம் தராசின் முள். இன்னொரு வருடம் தட்டில் ஒட்டிய தூசு. முள்ளாக இருந்த வருடங்களின் ருசி நாக்கில் இருக்கிறது. அது இல்லாமல் இருக்க முடியவில்லை. வேற்று நாட்டில், ஷிப்ட் மாறும் பேருந்தில், ஜன்னலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு போகிற ஒருவனுக்கு, எங்கோ ஒரு நாடு தன்னால் ஒருபக்கம் சாய்ந்தது என்று நினைப்பது எவ்வளவு சூடு.

எனக்கு முதல் வாக்குக் கிடைத்தது இந்த ஊரில்தான். அகதி விண்ணப்பம் முடிவாகி, குடியுரிமைக்கு இன்னும் வருடங்கள் கிடந்தபோதே, பொதுநலவாய நாட்டவன் என்ற பழைய உறவைச் சொல்லி கவுன்சில் வாக்காளர் அட்டை அனுப்பியது. பிறந்த நாட்டில் என் பெயர் எந்த வாக்காளர் இடாப்பிலும் இல்லாத காலம் அது. பக்கத்துத் தெருவில் சின்னப் பிள்ளைகளின் பாடசாலைதான் வாக்குச்சாவடி. நூலில் கட்டிய பென்சில். வாக்கைப் போட்டுவிட்டு வந்து, மேசையில் இருந்த பெண்மணியிடம் என் இடக்கையை நீட்டினேன், சின்ன விரலைச் சற்று முன்னால் விட்டபடி. தேர்தல் நாளில் அப்பாவின் விரலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வாக்கென்றால் மை. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்து இரண்டுதரம் குலுக்கி, நல்வரவு சொன்னார்.

வெளியே வந்து விரலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. போட்டேனா, போடவில்லையா? இன்றுவரை இங்கே வாக்குப் போட்டு வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தேகம் சப்பாத்துக்குள் கல் மாதிரி கூடவே வரும்.

இதைக் கௌரிக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. என் இடக்கையை இழுத்து, அந்த விரலைப் பார்த்தாள்.

3

அவளுக்கு மை வேறு. அவள் பூசுகிற பக்கத்தில் இருந்தவள். ஆசிரியர்களைத் தேர்தல் கடமைக்கு அழைப்பது உங்களுக்குத் தெரியும். முதல்நாளே வாக்குப் பெட்டியோடு போய், ஏதோ ஒரு பாடசாலையின் மரவாங்கில் படுத்து, விடிய எழும்பி மை போத்திலைத் திறந்து வைக்கவேண்டும். கடமைக்குப் போகிறவர்களுக்குத் தபால் வாக்கு. சில நாள் முன்னதாகவே ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தால் முடிந்தது. வரிசை இல்லை, மை இல்லை. சேவைக்காலம் முழுக்க மற்றவர்களின் சின்ன விரலைப் பிடித்தவளுக்குத் தன் சின்ன விரலில் ஒருதரமும் மை ஏறவில்லை.

இதையெல்லாம் அன்றைக்குத்தான் அறிந்தேன், ஒன்பது நகமும் காய்ந்துகொண்டிருந்த அந்த மேசையில். எத்தனை வருடம் போனில் பேசியிருக்கிறோம். நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் ஓம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரத்தைஞ்சிலை போகாதே எண்டு நீங்கள் போன் எடுத்தனீங்கள் எல்லே?" என்றாள். "நான் போகத்தானே வேணும் அண்ணை, டியூட்டி. போத்திலைத் திறந்து வைச்சிட்டு இருந்தன். பின்னேரம் வரைக்கும் இருந்தன். மை மேலாலை ஆடை படிஞ்சு போச்சு."

ஒருவருமே வரவில்லையா என்று கேட்டேன்.

"ஒரு மனுசன் கேற்றடியிலை சைக்கிளிலை இருந்தபடி ஒரு காலை ஊண்டிக்கொண்டு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டுது. வா எண்டும் சொல்லேலாது, போ எண்டும் சொல்லேலாது. பிறகு திரும்பிப் போயிட்டுது."

அன்று வீட்டுக்கு வரும்போது அவள் தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தாளாம். பூசுகிறவளின் கையிலும் ஒரு சொட்டுப் படும்தானே. வழியில் பார்க்கிறவர்களுக்கு அது பூசிய கையா பூசப்பட்ட கையா என்று எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து விளக்குக்கு முன்னால் பத்து விரலையும் விரித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு சொட்டும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்ததென்றாள். ஏனென்று அவளுக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு, விடிய எழும்பிப் போ என்று நான் சொன்ன அந்த முறை, வரிசை மதிலைத் தாண்டி ஒழுங்கைவரை நின்றது. விரல் விரலாக வந்துகொண்டே இருந்தன. வெங்காயம் நட்ட விரல், தையல் ஊசி ஏறிய விரல், பாதி இல்லாத விரல். பாதி விரலில் எங்கே பூசுவது என்று பொறுப்பதிகாரியைக் கேட்கவேண்டி வந்ததாம். கிழமைக்கணக்கில் அவளுடைய வலக்கை நுனி கறுத்துக் கிடந்தது. அந்தக் கையால் சோறு குழைக்க மனமில்லாமல் கரண்டியால் தின்றாளாம்.

"போகாமல் விட்டும் ஆள் மாறினது, போயும் ஆள் மாறினது. ரெண்டு முறையும் நான் மேசைக்கு அங்காலைதான். இப்ப பென்சன் எடுத்தாச்சு. இந்தமுறை ஆரோ ஒரு பெட்டை என்ரை விரலைப் பிடிச்சுப் பூசுவாள். நான் வரிசையிலை நிக்கோணும் அண்ணை."

ஒரு விரலுக்காகவா என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கள் ஒரு நாளுக்காக ஒரு வருசத்துக்கு முதலே மண்டபம் பிடிக்கேல்லையே?"

4

செய்தி குட்மேய்ஸ்வரை போய்விட்டது. அங்கிருந்து சிவம் அண்ணை லண்டனைக் குறுக்கே கடந்து வந்தார், கையில் கட்லட் பெட்டியோடு. எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். நாற்பது வருடமாக இங்கே இருக்கிறார். இன்னும் கைக்கடிகாரம் ஒன்றை இலங்கை நேரத்தில் வைத்திருக்கிறார். தேர்தல் இரவுகளில் எந்தத் தொகுதி முடிவு எப்போது வரும் என்று அவரைக் கேட்டால் போதும்.

முதலில் கௌரியைக் கண்டித்தார். பிள்ளையின் காரியத்தை விட்டுவிட்டுப் போவது முறையில்லை, தகப்பன் வழியில் இருக்கிறது நீ ஒருத்திதான், சடங்கில் பிள்ளையின் தலையில் முதல் தண்ணி வார்க்க மாமி வேண்டாமா என்றார். ரஞ்சி தலையாட்டிக்கொண்டு தேநீர் வைத்தாள். பிறகு, போவது உறுதிதான் என்று தெரிந்ததும், அவருடைய முகம் மெல்ல மெல்ல வேறு திசைக்குத் திரும்பியது. ஒரு வோட்டும் ஒரு வோட்டுத்தானே என்றார். இந்தமுறை எங்களுக்கென்று ஒரு தமிழர் நிற்கிறார், எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் போட்டால் வடக்கும் கிழக்கும் இன்னும் ஒன்றாகத்தான் நிற்கிறது என்று உலகத்துக்குத் தெரியும் என்றார். ரிக்கற் மாற்றுகிற செலவைச் சங்கம் பார்க்கும் என்றார். ரஞ்சியின் தலை ஆடுவதை நிறுத்திவிட்டது.

அவருக்குத் தேவைப்பட்டது சின்ன உதவிதான். வாக்குப் போட்டு வந்ததும் கௌரி மை விரலைத் தூக்கிக் காட்டி, "லண்டனிலை இருந்து வந்து எங்கடை ஆளுக்குப் போட்டனான்" என்று கைபேசியில் ஒரு வார்த்தை பேசி அனுப்பவேண்டும். அவர் அதை எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிடுவார்.

"விரலைக் காட்டுறன் அண்ணை," என்றாள் கௌரி. "ஆருக்கெண்டு சொல்லமாட்டன். அதைப் பெட்டிக்குத்தான் சொல்லுவன்."

"அப்ப வேறை ஆருக்கோ போடப்போறியள்."

"அப்பிடியும் நான் சொல்லேல்லை."

சிவம் அண்ணை கட்லட்டைக் கடித்து, ஆறுதலாக மென்று விழுங்கினார். "தங்கச்சி, வாக்குச் சிதறக் கூடாது. சிதறினால் எங்களை ஒருத்தனும் கணக்கெடுக்கமாட்டான்."

அப்போதுதான் கௌரி ஊரின் புதினத்தைச் சொன்னாள். அவளுடைய ஒழுங்கையில் இந்தமுறை வீட்டுக்கொரு கதையாம். தெற்கில் இருந்து வந்த கட்சிக்காரரின் கூட்டத்துக்குப் போன பெடியன்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆள் என்று நிற்கிற வீடுகள் இருக்கின்றன. பழையவருக்கே போடுவோம் என்கிற கடைக்காரர் இருக்கிறார். அவளும் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை என்று ஒப்பந்தம். ஒழுங்கைச் சனம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, மனதுக்குள் வேறொன்றை வைத்துக்கொண்டு போகிறார்கள். முதல்தடவையாக யார் யாருக்குப் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களவுச் சந்தோஷம்.

"சிதறட்டுமே அண்ணை. சிதறினால்தான் எண்ணுறவன் குனிஞ்சு ஒவ்வொண்டாப் பொறுக்கோணும்."

சிவம் அண்ணையை ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "உன்ரை தங்கச்சிக்குக் கொழுப்பு," என்றார். கோபத்தை விட அதில் ஒரு தனிமை இருந்தது. அவருடைய இலங்கை நேரக் கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே எல்லோரும் நித்திரையாகியிருப்பார்கள்.

திரும்பி வரும் வழியில் சிக்னல் பச்சையாகியும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவரை நான் ஏன் மனதுக்குள் ஏளனம் செய்கிறேன்? எனக்குள்ளும் அதே கேள்விதானே. ஆருக்கு, கௌரி? ஆருக்கு?

5

விமான நிறுவனத்தின் தொலைபேசியில் இசை ஓடிக்கொண்டே இருந்தது. கௌரியின் பெயர் நீளம். கணவரின் பெயர், தகப்பன் பெயர், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊரையோ மிருகத்தையோ சொல்லி எழுத்துக்கூட்டினேன். மாற்றுவதற்கு என்ன காரணம் என்று மறுமுனைப் பையன் கேட்டான். தேர்தல் என்றேன். அப்படியா, அவர் வேட்பாளரா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். இல்லை, வாக்காளர் என்றேன். விசைகளைத் தட்டினான். தனிப்பட்ட காரணம் என்று பதிந்துவிடுகிறேன் ஐயா என்றான்.

ரஞ்சிக்கு என்மேல் கோபம். அவள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுடைய ஆட்கள் டென்மார்க்கிலும் கனடாவிலும். இந்த வீட்டின் ஒவ்வொரு நல்லதும் கெட்டதும் தன் தலையில் தனியாக விழுந்ததை அவள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் கௌரியை நேரே பார்த்து, அமைதியாகக் கேட்டாள்.

"மச்சாள், பிள்ளைக்கு நீங்கள் வாக்காமல் ஆர் முதல் தண்ணி வாக்கிறது?"

அந்த இரவு கௌரி சாப்பிடவில்லை. அடுத்தநாள் பயணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையும் அடுக்காமல் அதற்கு முன்னால் இருந்தாள். போகாமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

வாயைத் திறந்தது அபி. சாப்பாட்டு மேசையில், எங்களுக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாக்கிச் சொன்னாள். மாமி போகட்டும். மாமிக்கு ஒரு வாக்கு இருக்கிறது, அதைப் போடப் போகிறார். மண்டபம், மணவறை, மேளம் எல்லாம் தன் உடம்பைப் பற்றிய காரியம். அதில் சிவம் அங்கிளுக்குக்கூட ஒரு வாக்கு இருந்தது, தனக்கு மட்டும் இருக்கவில்லை. சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவளுடைய தமிழுக்காகக் கவலைப்பட்டு வருடங்களைக் கழித்திருக்கிறேன். இதைத் தமிழில் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

கௌரி எழுந்து அவள் பின்னால் போனாள். கதவடியில் நின்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"நான் உனக்குத் தண்ணி வாக்கட்டோ, பிள்ளை? வேண்டாமெண்டால் வேண்டாம்."

அதுவரை அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கவில்லை. அபி நிபந்தனைகளைச் சொன்னாள். மண்டபத்தில் இல்லை, இங்கே. படம் பிடிக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போக முதல்.

புதன்கிழமை காலை, பின்வளவில், விளையாட்டுப் பாட உடுப்போடு அபி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பக்கத்தில் வாளி, கௌரி கேத்தல் தண்ணீர் கலந்து சூடு பார்த்தாள். எனக்கு இடமில்லை என்று கதவுக்குள் நிற்கச் சொல்லிவிட்டார்கள். ரஞ்சி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். கௌரி செம்பைத் தூக்கும்போது ஜன்னல் படாரென்று திறந்தது.

"அறுகும் பாலும் வைக்காமல் என்ன தண்ணி வாப்பு?"

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கொழுப்புக் குறைந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அறுகம்புல்லுக்குச் சுற்றிப் பார்த்து, வேலியோரத்தில் இருந்து எதையோ பிடுங்கினாள். அது அறுகு இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். தலையில் வைத்தார்கள். கௌரி வார்த்தாள். ஒரு விமானம் தலைக்கு மேலால் இறங்க, அபி மூச்சுப் பிடித்து, கண்ணை மூடி, பிறகு குளிரில் சிரிக்கத் தொடங்கினாள். ரஞ்சி துவாயை வைத்துக்கொண்டு, "மூக்கைப் பொத்து, மூக்கைப் பொத்து" என்று அழுதுகொண்டு நின்றாள்.

மண்டபத்துக் கொண்டாட்டமும் அந்த ஞாயிறு நடந்தது; கட்டிய பணமும் சொன்ன சனமும் விடாது. சிவம் அண்ணையின் மனைவி மாமி இடத்தில் நின்றார். படங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது. மேசைகளுக்குக் கீழே கைபேசிகள் மின்னிக்கொண்டிருந்தன; வடையும் பாயாசமும் வருவதுபோல மாவட்டம் மாவட்டமாக முடிவு வந்தது. யாரும் பாதியைத் தாண்டாததால் முதல்தடவையாக இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்குகளையும் எண்ணுகிறார்கள் என்றார்கள். எண்ணுகிறவர்கள் குனிந்து பொறுக்குவதை நினைத்துக்கொண்டேன். எங்கள் வடக்கு இந்தமுறை முள்ளா தூசா என்று ஒரு மேசையிலும் தீர்ப்பு வரவில்லை. நாலு பக்கமாகப் போயிருந்தது. இன்னும் சில கிழமையில் பாராளுமன்றத் தேர்தலில் அது தெற்கின் பக்கமே திரும்பப் போகிறது என்பதை அந்த மண்டபத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிவம் அண்ணை பந்தியில் இருந்து எழுந்திருப்பார்.

கௌரியிடமிருந்து ஒரு படம் வந்தது. இடக்கை. நாலு நகம் சிவப்பு, அபியின் தெரிவு. சின்ன விரலில் நகத்திலிருந்து தோலுக்கு இறங்கி ஒரு கறுத்த கோடு. அபி அதைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்தாள். எத்தனையோ மாதம் அது அங்கேதான் இருந்தது.

தேர்தல் சனிக்கிழமைக்கு முதல்நாள் இரவு நான் ஊருக்குப் போன் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு தேர்தலுக்கு முந்திய இரவு அதுதான் முதல். கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நான் முற்றத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

6

ஏன் எடுக்கவில்லை என்றால், விமான நிலையம்.

எங்கள் வீட்டில் இருந்து ஹீத்ரோ பத்து நிமிடம். வழியனுப்ப நீண்ட பயணம் வேண்டும். சொல்லவேண்டியதைச் சொல்லத் தூரம் வேண்டும். இங்கே இரண்டு சந்தி திரும்புவதற்குள் விமான நிலையப் பலகை வந்துவிடுகிறது. வெளிக்கிடும்போது ரஞ்சி கௌரியின் இடக்கையைப் பிடித்து, அந்தப் பூசாத விரலைத் தன் பெருவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டாள், அதில் ஏதோ பட்டிருப்பதுபோல. இடியப்பமும் சம்பலும் கட்டிய பெட்டி கைப்பையில் இருந்தது.

பெட்டிகளைப் போட்டாயிற்று. இனி அவள் மட்டும் போகவேண்டிய வாசல். பக்கத்தில் ஒரு குடும்பம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. எங்களுக்குக் கட்டிப்பிடிக்க வராது. நான் அவளுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கொழும்பில் இறங்கி யாழ்ப்பாண பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருக்கச் சொன்னேன். மருந்து கைப்பையில்தானே என்றேன். ஓம் என்றாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல் என்றேன். ஓம் என்றாள். எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மிச்சம் இருந்தது. என் குரல் எனக்குத் தெரியாமலேயே தடித்தது.

"அப்ப சனிக்கிழமை..." என்று தொடங்கினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் அந்தத் தடித்த குரலைத் தொலைபேசியில் கேட்டவள், முதல்தடவையாக அது வருகிற முகத்தைப் பார்க்கிறாள். கோபமில்லை. என் கோட்டின் கையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்து எறிந்தாள். பைகளைத் தோளில் சரிசெய்தாள்.

"ஞாயிறு எடுங்கோ," என்றாள். "வெள்ளிக்கிழமை இரவு மட்டும் போன் எடுக்காதேங்கோ, அண்ணை."